எபிஸ்கோபல் விடுதிப் பள்ளி: சாப்பல் பயம், சாப்பாட்டு மேசை, படகு

கேள்வி – அக்டோபர் 4

நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் 8ஆம் வகுப்பு. டெலாவேர் மாநிலம் மிடில்டவுனில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் 9ஆம் வகுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எபிஸ்கோபல் சபைப் பள்ளி. வீட்டிலிருந்து போய் வரும் பிள்ளைகளே கிடையாது, எல்லாருக்கும் விடுதி. நாங்கள் சைவம், சாமியிலும் சாப்பாட்டிலும். பள்ளிக்குள் இருக்கும் சிற்றாலயமான சாப்பலுக்கு வாரம் இரண்டு தடவை கட்டாயம் போக வேண்டுமாம். வீட்டுக்காரர் "மதம் மாத்திடுவாங்க, வேண்டாம்" என்கிறார். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு: 300 சொச்சம் பிள்ளைகள் மட்டும் இருக்கிற இடத்தில் நாலு வருஷம் மூச்சு முட்டாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – அக்டோபர் 4

முதலில் சபை. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்தது எபிஸ்கோபல் சபை. அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகு, 1789இல் தனி அமைப்பானது. நம் ஊர் சி.எஸ்.ஐ. எந்த ஆங்கிலிக்கன் குடும்பத்தில் இருக்கிறதோ அதே குடும்பம். தெருமுனையில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுக்கும் வகை அல்ல. இவர்கள் பள்ளிகளில் யூத, முஸ்லிம், இந்துப் பிள்ளைகள் படிப்பது சர்வ சாதாரணம்.

ஆனால் சாப்பல் கட்டாயம்தான். வாரம் இரண்டு தடவை என்று நீங்கள் கேள்விப்பட்டது சரி. போய் உட்கார வேண்டும், மற்றவர்கள் எழும்போது எழுவது மரியாதை. முழங்கால் போடுவதும் பாடுவதும் அவளாக விரும்பினால்தான்.

1930இல் தொடங்கிய பள்ளி. பெண்பிள்ளைகளைச் சேர்த்தது 1973இல்தான். உங்கள் இரண்டாவது பயத்துக்கு நாளை எழுதுகிறேன், அது பெரிய விஷயம்.

பதில் – அக்டோபர் 5

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஏ. ஃபீலிக்ஸ் டூபான்ட் பள்ளியை நிறுவியது 1929. வகுப்பு தொடங்கியதுதான் 1930.

சிறிய பள்ளி என்றால் என்ன என்பதை ஒரு படகை வைத்துச் சொன்னால் விளங்கும். வளாகத்தை ஒட்டி நாக்ஸன்டவுன் குளம் இருக்கிறது. குளம் என்று பெயர், ஏரி மாதிரி நீளும். அங்கே துடுப்புப் படகு பெரிய விளையாட்டு. எட்டுப் பேர் படகில் ஒன்பது பேர்: துடுப்புப் போட 8, திசை பிடிக்க காக்ஸ் 1. படகு 17 மீட்டருக்கு மேல் நீளம், எடை 100 கிலோவை ஒட்டி. கொட்டகையிலிருந்து தண்ணீருக்குத் தோளில் தூக்கித்தான் போக வேண்டும். காக்ஸ் குரல் கொடுக்க எட்டுப் பேரும் ஒரே நொடியில் தூக்க வேண்டும். ஒருத்தி காய்ச்சல் என்று படுத்துவிட்டால் மற்ற எட்டுப் பேருக்கும் அன்று அந்தப் படகு இல்லை. நாலு பேர் படகுக்கு ஆட்களைப் பிரிக்க வேண்டும், மிச்சப் பேர் கரையில் பயிற்சி இயந்திரத்தில் உட்கார வேண்டும்.

3,000 பேர் படிக்கும் பொதுப் பள்ளியில் ஒருத்தி வராவிட்டால் அந்த இடத்துக்குப் பத்துப் பேர் காத்திருப்பார்கள். 300 பேர் பள்ளியில் பின்னால் வரிசை கிடையாது. பாடகர் குழுவில் ஆல்டோ பாடும் அதே பிள்ளைதான் நாடகத்தில் விளக்கைப் பார்த்துக்கொள்ளும், குளிர்காலத்தில் ஸ்குவாஷ் அணியிலும் இருக்கும். மூச்சு முட்டுமா என்று கேட்டீர்கள். ஒளிந்துகொள்ள இடம் தேடும் பிள்ளைக்கு முட்டும். எதையும் தொட்டுப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைக்கு அது திறந்தவெளி. உங்கள் மகள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி – அக்டோபர் 5

நன்றி. ஆனால் சாப்பலில் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்களே, அப்போது இவள் என்ன செய்வாள்? எல்லாரும் எழுந்து போகும்போது தனியாக உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரி இருக்காதா?

பதில் – அக்டோபர் 6

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, உட்கார்ந்தே இருக்கலாம். வரிசை நகரும்போது கால்களைச் சற்று ஒதுக்கி வழிவிட்டால் போதும். இரண்டு, வரிசையோடு போய் இரு கைகளையும் மார்பின் குறுக்கே மடித்து நிற்பது, வலது கை இடது தோளில், இடது கை வலது தோளில். அதைப் பார்த்ததும் குரு, அதாவது ஆராதனை நடத்தும் பாதிரியார், அப்பத்தை நீட்ட மாட்டார், ஓர் ஆசி மட்டும் சொல்வார். மூன்று, அந்த ஆராதனையில் ஏதாவது வேலை எடுத்துக்கொள்வது. பின்னால் சொல்கிறேன்.

தப்பு நடப்பது எங்கே என்றால், புதுப் பிள்ளை மற்றவர்களைப் பார்த்துப் பதறி உள்ளங்கையை நீட்டிவிடும். கைமேல் கை வைத்து நீட்டினால் "கொடுங்கள்" என்று பொருள். அப்பம் கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் பைக்குள் போட்டுக்கொள்ளும் பிள்ளை உண்டு. அது அவர்களுக்கு உண்மையிலேயே வருத்தம் தரும். முதல் வாரமே இந்தக் கை அமைப்பைச் சொல்லி அனுப்புங்கள்.

ஞானஸ்நானம் பெறாதவர்கள் நற்கருணை (அந்த அப்பமும் திராட்சரசமும்) பெறத் தகுதியில்லை என்பதே சபைச் சட்டம், முதல் தலைப்பின் 17ஆம் விதி, 7ஆம் பிரிவு. ஆகவே அவள் வாங்காமல் இருப்பது அவமதிப்பு அல்ல, சட்டப்படி அதுதான் சரி. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

பதில் – அக்டோபர் 6, இரவு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சட்டம் அப்படி இருந்தாலும் சில குருமார் "விருப்பமுள்ள எல்லாரும் வரலாம்" என்றே அழைப்பார்கள். அப்படி அழைத்தாலும் போகாமல் இருக்க முழு உரிமை உண்டு. பள்ளியைப் பார்க்கப் போகும்போது சாப்பலின் பொறுப்புக் குருவிடம் நேராகக் கேளுங்கள்: "எங்கள் மகள் இந்து. நற்கருணை நேரத்தில் அவளிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்?" அவர் எவ்வளவு சுருக்கமாக, தெளிவாகப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பள்ளியின் குணம் தெரியும். சுற்றி வளைத்தால் திரும்பவும் கேளுங்கள்.

இருக்கைப் பின்புறத்தில் இரண்டு புத்தகம் இருக்கும். ஜெபப் புத்தகம் 1979ஆம் ஆண்டுப் பதிப்பு, பாட்டுப் புத்தகம் 1982. சுவரில் பலகையில் இருக்கும் எண்கள் பாட்டுப் புத்தகத்தின் எண்கள், பக்க எண்கள் அல்ல. புதுப் பிள்ளைகள் ஜெபப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டித் தேடுவார்கள்.

கேள்வி, வேறொரு வாசகர் – அக்டோபர் 8

நான் சி.எஸ்.ஐ., திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்கு எபிஸ்கோபல் ஆராதனை அந்நியமே இல்லை, பாட்டு மெட்டுகூடப் பாதி தெரிந்ததுதான். அந்த அம்மா பயப்பட வேண்டாம். அந்த "வேலை" என்ன என்று சொல்லுங்கள், என் பையனும் இந்த மாதிரிப் பள்ளிக்கு முயற்சி செய்கிறான்.

பதில் – அக்டோபர் 9

இந்தப் பள்ளிகளில் சாப்பல் வேலையில் பெரும்பகுதியை மாணவர்களே செய்கிறார்கள். சிலுவை பிடித்து முன்னால் நடப்பவர், மெழுகுவர்த்தி பிடிப்பவர், வாசகம் வாசிப்பவர், மணி அடிப்பவர், ஆர்கனுக்குப் பக்கம் புரட்டுபவர். இவற்றுக்கெல்லாம் பின்னால், யார் கண்ணிலும் படாமல் பொருள்களைத் தயார் செய்பவர் சாக்ரிஸ்டன். கத்தோலிக்கக் கோவிலில் உபதேசியார் செய்யும் வேலைகளில் பாதி இது.

ஆராதனைக்கு 40 நிமிடம் முன்பு வர வேண்டும். பீடத்தின் மேல் விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கிறதா, சதுரத் துணி நடுவில் இருக்கிறதா. கிண்ணம், அதன் மேல் துடைப்புத் துணி, தட்டு, தட்டில் பெரிய அப்பம். பக்க மேசையில் சின்ன அப்பங்கள், எண்ணி வைக்க வேண்டும். போன வாரம் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று குறிப்பேட்டில் இருக்கும். அதைவிடப் பத்து கூட. அதற்கும் மேல் வைத்தால் மிஞ்சியதைக் குருவே உண்டு தீர்க்க வேண்டியிருக்கும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒவ்வாதவர்களுக்குத் தனி அப்பம், தனிச் சிமிழில். மற்ற அப்பத்தைத் தொட்ட விரலால் அதைத் தொடவே கூடாது. திராட்சரசம் ஒரு குப்பியில், தண்ணீர் ஒரு குப்பியில்.

மெழுகுவர்த்தி: பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கத்தது முதலில், இடப்பக்கத்தது அடுத்து. அணைக்கும்போதும் அதே வரிசை.

அணைப்பதில்தான் புதியவர்கள் எல்லாரும் தவறு செய்வார்கள். நீண்ட கோலின் நுனியில் சின்ன மணி போன்ற மூடி இருக்கும். அதைத் தீபத்தின் மேல் அழுத்தக் கூடாது. அழுத்தினால் திரி உருகிய மெழுகுக்குள் சாய்ந்து முங்கி அங்கேயே உறைந்துவிடும். அடுத்த முறை எத்தனை தடவை நெருப்பைக் காட்டினாலும் பற்றாது. 300 பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பிள்ளை அங்கே திணறும். மூடியைத் தீபத்தைச் சுற்றி இறக்கி, எதையும் தொடாமல் மூன்று நொடி அந்தரத்தில் பிடிக்க வேண்டும். காற்றில்லாமல் தீபம் தானே அடங்கும். கோலை உடனே எடுத்துவிடாமல் இன்னொரு நொடி வைத்திருந்தால் புகையும் அதிகம் வராது.

முடிந்த பிறகு: மிஞ்சிய திராட்சரசத்தைச் சாதாரணத் தொட்டியில் கொட்டக் கூடாது. அதைப் பெரியவர்கள் அருந்தித் தீர்ப்பார்கள். கிண்ணம் கழுவிய முதல் தண்ணீர், சாக்கடைக்குப் போகாமல் நேரே மண்ணில் இறங்கும் தனித் தொட்டியில் போகும். அந்தத் தொட்டி இல்லாத சாப்பலில் வெளியே செடிக்கு ஊற்றுவார்கள். துடைப்புத் துணியை அலசிய முதல் நீருக்கும் அதே முறை. நிர்மால்யத்தைக் கால்படாத இடத்தில் சேர்க்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

துணியில் மெழுகு சொட்டினால் சுரண்டாதீர்கள். ஆறவிட்டு உதிர்த்துவிட்டு, மேலும் கீழும் பழுப்புத் தாள் வைத்து இஸ்திரி போட்டால் தாள் மெழுகை உறிஞ்சும். திராட்சரசக் கறையைக் காயவிடக் கூடாது, உடனே குளிர்ந்த நீர்.

பதில் – அக்டோபர் 9, சற்று நேரம் கழித்து

மெழுகுவர்த்தி வரிசையைத் தவறாக எழுதிவிட்டேன். ஏற்றுவது வலம், பிறகு இடம். அணைப்பது தலைகீழ்: முதலில் இடம், கடைசியில் வலம். இடப்பக்கம் நற்செய்தி வாசிக்கும் பக்கம். அந்த மெழுகுவர்த்தி மட்டும் தனியாக எரிந்துகொண்டிருக்கக் கூடாது என்பது பழைய வழக்கம்.

இன்னொன்று. இந்த வேலைக்கு இந்துப் பிள்ளைகளை விடுவார்களா என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். வாசிப்பது, பாடுவது, மணி அடிப்பது, ஆட்களை வழிநடத்தி உட்காரவைப்பது ஆகியவற்றுக்குப் பொதுவாகத் தடை இருக்காது. கிண்ணம் நீட்டும் பணிக்கு ஞானஸ்நானமும் தனி அனுமதியும் வேண்டும்.

கேள்வி – அக்டோபர் 10

வீட்டுக்காரர் அந்த 17ஆம் விதியை இரண்டு தடவை வாசித்தார். இப்போது அவர் கேள்வி சாப்பாடு. சைவப் பிள்ளை பட்டினி கிடக்குமா?

பதில் – அக்டோபர் 11

பட்டினி கிடக்காது, ஆனால் ஒரு வேளை மட்டும் சூதானமாக இருக்க வேண்டும். நாள்தோறும் வரிசையில் நின்று தட்டில் எடுத்துக்கொள்ளும் சாப்பாட்டில் சிக்கல் இல்லை. சாலட், பாஸ்தா, பீன்ஸ், முட்டை சாப்பிட்டால் முட்டை. சிக்கல் வருவது எல்லாரும் சேர்ந்து உட்காரும் குடும்ப மேசை விருந்தில். செயின்ட் ஆண்ட்ரூஸ் சாப்பாட்டுக் கூடத்தில் என். சி. வையத் தீட்டிய பெரிய சுவரோவியம் இருக்கிறது. பார்க்கப் போகும் பெற்றோர் எல்லாரும் அதை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் மேசையைப் பாருங்கள்.

இந்தப் பள்ளிகளில் அந்த விருந்து நடக்கும் முறை: மேசைக்கு எட்டுப் பத்துப் பேர், எல்லா வகுப்பும் கலந்து. தலைமாட்டில் ஓர் ஆசிரியர், பெரும்பாலும் கைக்குழந்தையோடு அவர் குடும்பமும். மேசைக்கு ஒரு மாணவர் பரிமாறுபவர், அந்தப் பொறுப்பு முறை வைத்து மாறும். அவர் முன்கூட்டியே வந்து தட்டு, முள்கரண்டி, தண்ணீர்க் குடம் வைப்பார். எல்லாரும் நின்று ஜெபம் சொன்னபின் உட்காருவார்கள். பரிமாறுபவர் அடுக்களைக்குப் போய்ப் பெரிய தாலங்களை வாங்கி வருவார். தாலம் ஒரே திசையில் கைமாறும்.

சைவத் தாலம் ஒன்று தனியாக வரும். அது மேசையைச் சுற்றும்போது இறைச்சி சாப்பிடும் பிள்ளைகளும் ருசிக்கு ஒரு கரண்டி எடுப்பார்கள். ஏழாவது ஆளாக உங்கள் மகள் உட்கார்ந்திருந்தால் அவளிடம் வரும்போது ஓரத்தில் ஒட்டிய சாறுதான் இருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வழி எளிது: பருவத் தொடக்கத்திலேயே மேசையின் தலைமாட்டில் உட்காரும் ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும், சைவத் தாலம் அவளிடமிருந்து தொடங்கிச் சுற்றும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டால் அந்த மேசை மாறும் வரை ரொட்டியும் வெண்ணெயும்தான்.

சூப்பைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். காய்கறி சூப் என்று பெயர் இருக்கும், அடித்தண்ணீர் கோழி எலும்பில் காய்ச்சியதாக இருக்கும். விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் கலந்த இனிப்பு, பன்றிக்கொழுப்புப் போட்டு வேகவைத்த பீன்ஸ் இரண்டும் அப்படித்தான்.

பதில் – அக்டோபர் 12

மேசை பற்றி எழுதினேன், பாத்திரம் கழுவுவது விட்டுப்போனது. இது இந்த வகைப் பள்ளிகளின் உயிர்நாடி.

கனெக்டிகட்டில் கென்ட் பள்ளியை 1906இல் ஃபாதர் சில் என்பவர் தொடங்கியபோதே, பெருக்குவது, மேசை துடைப்பது, பரிமாறுவது எல்லாம் மாணவர் வேலை என்று வைத்தார். வேலைக்காரர் வைத்து வளர்ந்த பணக்காரப் பிள்ளைக்கும் உதவித்தொகையில் வந்த பிள்ளைக்கும் ஒரே துடைப்பம். 1923இல் தொடங்கிய சவுத் கென்ட் பள்ளியும் அதே வழி. நியூ ஹாம்ப்ஷயரில் 1879 முதல் இருக்கும் ஹோல்டர்னஸ் பள்ளியிலும் வேலைத் திட்டம் உண்டு.

பாத்திர அறையில் நிற்பவர்களுக்குச் சொல்லித் தரும் வரிசை: மிச்சத்தை வழித்துத் தொட்டியில் தள்ளு. கரண்டி, முள்கரண்டிகளை முதலில் ஊறப்போடு. முட்டையும் பாலாடையும் காய்ந்துவிட்டால் இயந்திரத்தில் போகாது. தட்டுகளைச் சட்டத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சாய்த்து நிறுத்து. கோப்பைகள் தனிச் சட்டத்தில், கவிழ்த்து. கொதிநீர் வகை இயந்திரம் என்றால் கடைசி அலசல் 82 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். முகப்பில் முள் அதற்குக் கீழே நின்றால் யாரையாவது கூப்பிடு, நீயாக ஓட்டாதே. வெளியே வந்த தட்டைத் துணியால் துடைக்காதே, சூட்டில் தானே காயட்டும். ஈரத்தோடு அடுக்கினால் நாற்றம் பிடிக்கும்.

அவசரத்தில் சட்டத்தை நெருக்கி நிரப்புவார்கள். நடுவில் இருக்கும் தட்டுக்குத் தண்ணீரே போகாமல் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும், இரண்டாவது தடவை கழுவ வேண்டும். மெதுவாக அடுக்குபவன்தான் சீக்கிரம் முடிப்பான்.

கேள்வி, கோவையிலிருந்து ஒரு வாசகர் – அக்டோபர் 14

இந்தியாவிலிருந்து நேரடியாகச் சேர முடியுமா?

பதில் – அக்டோபர் 14

முடியும். பள்ளி ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றுப் படிவம் தரும், செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர் கட்டி எஃப்-1 மாணவர் விசாவுக்குப் போக வேண்டும். அரசுப் பள்ளிக்கு இருக்கும் 12 மாத வரம்பு தனியார் பள்ளிக்கு இல்லை. இவ்வகைப் பள்ளிகள் பலவற்றில் ஜனவரி 15 கடைசி நாள், மார்ச் 10 முடிவு, ஏப்ரல் 10க்குள் உங்கள் பதில். உதவித்தொகைக்குத் தனிப் படிவம். சேர்க்கை படிவத்தோடு அதையும் அனுப்பாமல் "இடம் கிடைக்கட்டும், பிறகு கேட்கலாம்" என்று இருந்தால் பணம் தீர்ந்திருக்கும். நவம்பரில் வரும் நன்றி தெரிவிப்பு நாள் (தேங்ஸ்கிவிங்), கிறிஸ்துமஸ், மார்ச் விடுமுறைகளில் விடுதி மூடும். பிள்ளை எங்கே தங்கும் என்பதை ஆகஸ்டிலேயே முடிவு செய்யுங்கள். மிடில்டவுனுக்கு விமானம் பிலடெல்பியா, ரயில் வில்மிங்டன்.

பதில் – அக்டோபர் 15

படகு பற்றி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அதே கணக்கு மணிக்கும் பொருந்தும் என்பதால் இது. கென்ட், கிராட்டன் இரண்டு பள்ளிகளிலும் கோபுரத்தில் பத்துப் பத்து மணிகள், இங்கிலாந்து முறையில் முழு வட்டம் சுழல்பவை. மெட்டு அடிப்பதில்லை. வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஒரு மணிக்கு ஒரு ஆள். மணி வாய் மேல்நோக்கி நிற்கும் நிலையில் அதைத் தாங்க மேலே ஒரு மரக்கட்டை உண்டு. புதியவர் பலமாக இழுத்தால் கட்டை முறியும், மணி சுழன்றுகொண்டே போகும், கயிறு விறுவிறுவென்று மேலே ஏறும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: கயிற்றை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்குவது. பிடித்துக்கொண்டிருந்தால் ஆளையும் மேலே தூக்கிவிடும்.

கேள்வி – அக்டோபர் 19

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். குருவிடம் நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். "உட்கார்ந்திருக்கலாம், அல்லது கைகளை மடித்து வரலாம், அவள் விருப்பம்" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். வீட்டுக்காரர் திரும்பும்போது காரில் எதுவும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது "ஜனவரி 15தானே?" என்று கேட்டார். இடம் கிடைத்தால் என்ன வாங்க வேண்டும்? வீட்டில் தினமும் விளக்கேற்றுவாள், அறையில் ஏற்றலாமா?

பதில் – அக்டோபர் 20

விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் அறையில் கூடாது. புகை உணரி அலறி நடுராத்திரியில் விடுதி முழுவதும் பனியில் போய் நிற்க நேரும், ஒழுங்கு நடவடிக்கையும் வரும். பேட்டரி விளக்கு ஒன்றும் சின்னப் படமும் மேசையில் வைக்கலாம், திருநீற்றுக்குத் தடையில்லை. தீபாவளிக்கு உண்மையான அகல் ஏற்ற ஆசைப்பட்டால் இரண்டு வாரம் முன்பே குருவிடம் கேட்கட்டும். பெரியவர் ஒருவர் கூட நிற்க, வெளியிலோ கூடத்திலோ ஏற்ற வழி செய்வார்கள். அரிசிக் குக்கர், மின்னடுப்பும் வேண்டாம்.

மெத்தை அளவை வாங்கும் முன் பள்ளியிடம் கேளுங்கள். விடுதிகளில் பெரும்பாலும் 38 அங்குல அகலம், 80 அங்குல நீளம். கடையில் முதலில் கண்ணில் படும் சாதாரண ஒற்றைக் கட்டில் விரிப்பு 75 அங்குலத்துக்குத் தைத்தது. மாட்டினால் மூலை நிற்காமல் பிய்த்துக்கொண்டு வரும். உறையில் "எக்ஸ்எல்" என்று போட்டிருப்பதைப் பார்த்து இரண்டு வாங்குங்கள், ஒன்று சலவையில் இருக்கும்போது இன்னொன்று. சாப்பலுக்கு மேல்கோட்டும் இரண்டு. எல்லாவற்றிலும் பெயரைத் தைத்துவிடுங்கள். மையில் எழுதினால் நாலு சலவையில் போய்விடும்.

படகுக்குப் போவாளானால் கம்பளிக் காலுறை நாலு ஜோடி கூட வையுங்கள். மார்ச் மாதத் தண்ணீர் குளிரும், படகை இறக்கும்போது கால் நனையும்.